நம் தீவில் சிமெண்ட் சூளையே கிடையாது; அந்தப் புகை யார் கணக்கில்?

கியூர்பிப் பொறியாளர்:
வணக்கம். மொரிசியஸ் அரசு, எதுவும் செய்யாமல் விட்டால் 2030-இல் இருக்கக்கூடிய பசுமைக்குடில் வாயு உமிழ்வை 40 சதவீதம் குறைப்பதாக உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. அந்தக் கணக்கைப் புரட்டினால் மின்சாரம் இருக்கிறது, வாகனம் இருக்கிறது, குப்பை இருக்கிறது. சிமெண்டைத் தேடினால் கிடைப்பது கடினம். இங்கே கிளிங்கர், அதாவது அரைத்துச் சிமெண்டாக்கும் சுட்ட கட்டி, சுடும் சூளை ஒன்றுகூட இல்லை என்பதுதான் காரணம். சிமெண்ட் கப்பலில் தூளாக வருகிறது, போர்ட் லூயிஸ் துறைமுகத்துச் சிலோக்கள் என்ற சேமிப்புக் கோபுரங்களில் இறங்குகிறது, மூட்டையிலும் டேங்கரிலும் ஊர் ஊராகப் போகிறது. சுண்ணாம்புக்கல்லை 1,450 டிகிரியில் சுட்டபோது வெளியேறிய வாயு, சுட்ட நாட்டின் ஏட்டில் ஏறிவிடுகிறது. நாம் கைகழுவிக்கொண்டு மூன்று மாடி கட்டுகிறோம்.

ஒரு டன் கிளிங்கருக்கு ஏறத்தாழ 850 கிலோ கரியமில வாயு. அதில் அறுபது சதவீதம் எரிபொருளிலிருந்து வருவதே இல்லை, கல் சிதையும்போது கல்லிலிருந்தே வருகிறது. ஆகவே சூளைக்குச் சூரிய மின்சாரம் கொடுத்தாலும் அந்தப் பங்கு அசையாது. கிளிங்கரைக் குறைப்பது, கான்கிரீட்டைக் குறைப்பது, இந்த இரண்டும்தான் இன்று கையில் இருக்கும் வழிகள்.

சூளை இல்லாத நாட்டில் சூளைக்கு வரி போட முடியாது. ஆனால் பள்ளி, மருத்துவமனை, வடிகால், சமூகக் குடியிருப்பு, மெட்ரோ தூண்கள் என்று இத்தீவின் மிகப் பெரிய கான்கிரீட் வாடிக்கையாளர் அரசுதான். டெண்டர் ஆவணத்தை எழுதுவதும் அரசுதான். நான் பார்க்கும் ஆவணங்களில் இன்னமும் "கன மீட்டருக்குக் குறைந்தது 350 கிலோ சிமெண்ட்" என்ற வரி வருகிறது. கடற்கரைக் காற்று படும் கட்டடத்துக்கே ஐரோப்பியத் தரநூல் பரிந்துரைப்பது 300 கிலோதான். அந்த வரியை அடித்துவிட்டு, இவ்வளவு வலிமை, இவ்வளவு நீடிப்பு, இதற்கு மேல் கார்பன் கூடாது என்று எழுதினால் என்ன? எதிர்ப்புகளைக் கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கொத்தனார் பேரன்:
ஐயா, அந்த 350-ஐ ஏதோ அறியாமல் எழுதிவைத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். மதியம் இரண்டு மணிக்கு வெயிலில் கலவை இறுகத் தொடங்கும்போது குழாயைத் திறந்து தண்ணீர் விடுகிறவனை நீங்கள் அலுவலகத்திலிருந்து பார்க்க முடியாது. அவன் கையை நம்பாமல் எழுதிய எண் அது. ஐம்பது கிலோ கூடுதல் சிமெண்ட் அவன் பிழைக்கான காப்பீடு.

இன்னொன்றும் சொல்கிறேன். 2001 அக்டோபருடன் கடற்கழி மணல் அள்ளுவதை அரசு முழுவதுமாக நிறுத்தியது. நல்ல காரியம், மறுக்கவில்லை. பவளப்பாறைக்குள் இருந்த அந்த மணலை மயேபூர்ப் பக்கம் படகு படகாக அள்ளியவர்களுக்கு இழப்பீடும் கிடைத்தது. அதன் பிறகு நாங்கள் பயன்படுத்துவது உடைத்த கருங்கல் மணல். அது கூர்முனை கொண்டது, தூசி அதிகம், தண்ணீரைக் குடிக்கும். தண்ணீர் கூடினால் வலிமை குறையும், வலிமையைப் பிடிக்கச் சிமெண்ட் கூடும். கடற்கழியைக் காப்பாற்றிய சட்டம் கலவையில் சிமெண்டை ஏற்றியது. இதை எந்த அமைச்சின் அறிக்கையிலும் நான் படித்ததில்லை. கொள்கை எழுதுகிறவர்கள் ஒரு கண்ணால் மட்டுமே பார்க்கிறார்கள்.

வாக்குவா ஆசிரியை:
நான் கட்டடத் துறையைச் சேர்ந்தவள் அல்ல, தமிழ் கற்பிக்கிறேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. இத்தீவு கான்கிரீட்டுக்கு மாறியதே அரசு கொள்கையால்தான். 1960 சனவரியில் அலிக்ஸ் புயல், பிப்ரவரி முடிவில் கரோல் புயல். மரமும் தகரமும் வைக்கோலுமாக இருந்த வீடுகள் பறந்தன. அதே ஆண்டு மத்திய வீட்டுவசதி ஆணையம் அமைந்தது, சித்தே என்ற அரசுக் குடியிருப்புகள் எழுந்தன, வீட்டுக் கடன் என்றாலே கல் வீடு என்று ஆனது. இரண்டு தலைமுறையில் "வீடு" என்றால் சிமெண்ட் தளம் என்று எல்லார் மனத்திலும் பதிந்துவிட்டது. அந்தக் காலத்தில் கட்டிய குடியிருப்புகள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு வைத்ததும் அரசுதான். அது நஞ்சு என்று பிற்பாடு தெரிந்து, அகற்றுவது எப்படி என்று பல பத்தாண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே அரசு தலையிடலாமா என்ற கேள்வி எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. தலையிட்டுத்தான் இங்கே வந்து நிற்கிறோம். ஆனால் "குறைந்த கார்பன்" என்ற பெயரில் ஏழைகளின் சமூக வீட்டில் முதலில் சோதித்துப் பார்ப்பார்கள் என்றால் நான் எதிர்ப்பேன். அமைச்சகக் கட்டடத்தில் தொடங்கட்டும்.

ரெயூனியன் வரைபடம்:
பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனின் சென்-தெனியிலிருந்து எழுதுகிறேன், அம்மா சொன்னதோடு உடன்படுகிறேன். எங்கள் கதை இன்னும் வினோதம். பிரான்சில் 2022 சனவரி முதல் ஆர்.இ. 2020 என்ற விதி நடப்பில் இருக்கிறது. புதிய வீட்டின் பொருள்கள் ஐம்பது ஆண்டுகளில் வெளியிடும் கார்பனைக் கணக்கிட்டு வரம்புக்குள் நிற்க வேண்டும். வரம்பு 2025, 2028, 2031 என்று படிப்படியாக இறுகுகிறது. ஆனால் ரெயூனியனும் பிற கடல்கடந்த மாவட்டங்களும் அதில் சேரவில்லை. எங்களுக்கு 2010 முதல் தனி விதி. காற்றோட்டம், நிழல், ஒலி, சுடுநீர் எல்லாம் அதில் உண்டு. சுவருக்குள் இருக்கும் சிமெண்டைப் பற்றி அது பேசுவதே இல்லை.

காரணங்கள் பொய்யல்ல. புயல், கரையான், ஈரம் மூன்றும் மரத்துக்குப் பகை. பொருளுக்குப் பொருள் சுற்றுச்சூழல் விவரச்சான்று இருந்தால்தான் கணக்குப் போட முடியும், அந்தச் சான்றுகள் ஐரோப்பிய ஆலைகளுக்காக எழுதப்பட்டவை. இப்போது இன்னொரு முடிச்சு. 2024-இல் திருத்திய ஐரோப்பியக் கட்டுமானப் பொருள் சட்டம், எங்களைப் போன்ற தொலைதூரப் பகுதிகள் ஐரோப்பிய முத்திரை இல்லாத பொருள்களை அண்டை நாடுகளிலிருந்து வாங்க வழி விட்டிருக்கிறது. விலைவாசி குறையும் என்று எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் முத்திரை போனால் அதோடு கார்பன் விவரமும் போய்விடும். மலிவும் கணக்கும் ஒரே கப்பலில் வருவதில்லை.

அளவு பற்றியும் ஒரு சொல். எங்கள் புதிய கடலோரச் சாலையில் 5.4 கிலோமீட்டர் பாலம் 2022-இல் திறந்தது. மீதி கடல் அணை பாறை கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் நின்றது. எரிமலைத் தீவில் பாறைக்குப் பஞ்சம்! எந்தப் பொருள் நல்லது என்று விவாதிப்பதற்கு முன், இந்தச் சாலை இந்த அளவில் தேவையா என்று கேட்டிருந்தால் மிச்சமாகியிருக்கும் கார்பனை எந்தச் சிமெண்ட் வகையும் மிச்சப்படுத்தாது.

டர்பன்வாசி:
எங்கள் நாட்டில் சூளையும் உண்டு, வரியும் உண்டு. அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தென்னாப்பிரிக்கக் கார்பன் வரி 2019 சூன் 1-ஆம் தேதி டன்னுக்கு 120 ராண்டு என்று தொடங்கியது. அடிப்படைச் சலுகை 60 சதவீதம், வெளிநாட்டுப் போட்டிக்கு ஒரு சலுகை, நல்ல செயல்பாட்டுக்கு ஒன்று, வேறிடத்தில் கார்பனைக் குறைத்ததாகக் காட்டும் ஈட்டுவரவுக்கு ஒன்று. எல்லாம் கூடினால் 95 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். 120 ராண்டு 6 ராண்டு வரை இளைத்துப் போனது. 2026-க்கு 308 ராண்டு என்று சட்டத்தில் ஏறியிருக்கிறது, சலுகைகளும் கூடவே நடந்து வருகின்றன. வரி என்ற பலகை இருக்கிறது, கடை இன்னும் முழுதாகத் திறக்கவில்லை.

கட்டட விதிகளிலும் அதே ஓட்டை. ஆற்றல் பயன்பாட்டுக்கு 2011 முதல் கட்டாயத் தரம் இருக்கிறது. அது குளிர்சாதனமும் சுடுநீரும் பற்றியது. செங்கலைச் சுட்ட நிலக்கரி அதில் இல்லை.

பொறியாளர் ஐயாவின் டெண்டர் யோசனைக்கு ஒரு எச்சரிக்கை. 2022 ஏப்ரலில் டர்பன் வெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டோங்காட் குடிநீர் ஆலை உடைந்து மாதக்கணக்கில் தண்ணீர் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் அவசரக் கொள்முதல் என்று ஒரு முத்திரை குத்துவார்கள், சாதாரண நாளில் எழுதிய நிபந்தனைகள் எல்லாம் ஓரமாகப் போகும். சாலையும் பாலமும் அதிகமாகக் கட்டப்படுவது அந்த நேரத்தில்தான். உங்களுக்குப் புயல் வருகிறது. அவசரக் கொள்முதலுக்கான கலவை விவரத்தை இப்போதே ஒப்புதல் வாங்கி அடுக்கில் வைத்திருங்கள்.

வெறும் வாசகன்:
ஒரு சந்தேகம். இவ்வளவு தூரம் கப்பலில் வருவதுதானே பெரிய பாவம்? இங்கேயே ஒரு ஆலை வைத்தால் தீர்ந்ததே.

கியூர்பிப் பொறியாளர்:
இல்லை, தம்பி. சரக்குக் கப்பல் ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக 10 கிராம் கரியமில வாயு என்று வைத்துக்கொள்வோம். 5,000 கிலோமீட்டருக்கு 50 கிலோ. சூளை 850. கப்பல் நம் கண்ணில் படுவதால் அதன்மேல் பழி விழுகிறது, அவ்வளவே.

இறக்குமதி செய்கிறவருக்கு ஒரு வசதி உண்டு என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சொந்தச் சூளை வைத்திருக்கும் நாடு அந்தச் சூளைக்கு அடிமை. வேலைவாய்ப்பு, தொழிற்சங்கம், முதலீடு எல்லாம் கையைக் கட்டும். நமக்கு அந்தக் கட்டு இல்லை. நாளைக்கே வேறு வகைச் சிமெண்ட் கேட்கலாம். 2011 வரை அரசு வாணிபக் கழகமே சிமெண்ட் இறக்குமதியில் இருந்தது, பிறகுதான் சந்தை முழுக்கத் திறந்தது. இப்போது கேட்கும் வாய் டெண்டர் மட்டுமே.

கேட்காவிட்டால் என்ன நடக்கும் தெரியுமா? ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதிப் பொருளின் கார்பனுக்கு வாங்கும் எல்லைக் கட்டணத்தை 2026 சனவரி முதல் முழுமையாக நடத்துகிறது, சிமெண்ட் அதில் அடக்கம். ஏற்றுமதி செய்யும் ஆலை தன் சுத்தமான சரக்கை அங்கே அனுப்பும். அழுக்கான சரக்கு, கேள்வி கேட்காத துறைமுகத்துக்கு வரும். அந்தத் துறைமுகமாக நாம் இருக்கக் கூடாது.

அயர்லாந்தும் தீவுதான். அங்கே 2024 முதல் அரசுப் பணத்தில் கட்டும் கட்டடங்களில் கிளிங்கரில் குறைந்தது 30 சதவீதத்துக்கு மாற்றுப் பொருள் கேட்கிறார்கள். டென்மார்க் இன்னும் ஒரு படி மேலே போய், 2023-இல் பெரிய கட்டடங்களுக்குச் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 12 கிலோ கரியமில வாயு என்று வரம்பு வைத்தது. 2025-இல் அதை இறக்கிச் சிறிய வீடுகளுக்கும் நீட்டியது. நமக்கு உடனே டென்மார்க் வேண்டாம், அயர்லாந்து போதும்.

மேட்டூரான்:
பிழைப்புக்காக இங்கே வந்த சேலம் மாவட்டத்துக்காரன் நான், கலவை ஆலையில் தரச் சோதனை என் வேலை. மாற்றுப் பொருள் என்றதும் என் ஊர் நினைவுதான் வருகிறது. அனல்மின் நிலையச் சாம்பல் இந்தியாவில் ஒரு காலத்தில் வெறும் தொல்லை. 1999-இல் மத்திய அரசு ஓர் அறிவிக்கை போட்டது. மின் நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் செங்கல் செய்கிறவர் மண்ணோடு குறைந்தது கால் பங்கு சாம்பல் கலக்க வேண்டும், மின் நிலையம் அதை இலவசமாகக் கொடுக்க வேண்டும். பிறகு தூரத்தை 100 கிலோமீட்டராக, 300 கிலோமீட்டராக நீட்டினார்கள். எல்லாரும் முதல் நாளே கீழ்ப்படிந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்று தமிழ்நாட்டில் கடையில் சிமெண்ட் கேட்டால் பெரும்பாலும் சாம்பல் கலந்த சிமெண்டைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள், வாங்குகிறவருக்கு அது ஒரு செய்தியாகவே தெரிவதில்லை. கொள்கை வென்றது என்றால் இதுதான்.

அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியுமா? முடியாது. இத்தீவின் சர்க்கரை ஆலை மின் நிலையங்கள் அறுவடைக் காலத்தில் கரும்புச் சக்கையையும் மற்ற மாதங்களில் நிலக்கரியையும் எரிக்கின்றன. நிலக்கரியை 2030-க்குள் நிறுத்துவதாக அரசு 2021-இல் இலக்கு அறிவித்தது. அக்கரையில் ரெயூனியனில் புவா-ரூழ், லெ கோல் மின் நிலையங்கள் ஏற்கெனவே மரத்துண்டுக்கு மாறிவிட்டன. நாம் சாம்பலை நம்பி விதி எழுதி முடிக்கும்போது சாம்பல் தீர்ந்துபோயிருக்கும். சக்கைச் சாம்பலில் எரியாத கரி மிச்சம் இருக்கும், சுத்திகரிக்காமல் கலந்தால் கலவை கெடும்.

ஆகவே மிஞ்சுவது இரும்பாலைக் கசடும் சுட்ட களிமண்ணும். களிமண் கலந்த சுண்ணாம்புச் சிமெண்டில் கிளிங்கர் பாதிதான். களிமண்ணை 800 டிகிரி அளவில் சுட்டால் போதும். இந்தியா 2023-இல் இதற்கென்று தரநூலே வெளியிட்டிருக்கிறது, ஐரோப்பாவிலும் 2021 முதல் கிளிங்கர் 50 சதவீதம் வரை இறங்கும் வகைக்கு இடம் உண்டு. மொரிசியஸில் தடை வேதியியல் அல்ல, சிலோ. புதிய வகை ஒன்று வர வேண்டுமானால் தனிச் சிலோ வேண்டும், பழையதோடு கலந்துவிடக் கூடாது. ஒரு சிலோவை யாரும் டெண்டரில் வராத சரக்குக்காகக் கட்டமாட்டார்கள். ஐந்தாண்டு அரசுத் திட்டங்கள் இந்த வகையைத்தான் கேட்கும் என்று முன்கூட்டியே அறிவித்தால் சிலோ தானாக எழும். 2024-இல் பெரிய நிறுவனங்களின் வருமானத்தில் 2 சதவீதம் காலநிலைப் பொறுப்பு வரி விதித்தார்களே, அதில் ஒரு துளி சிலோவுக்குப் போனாலும் போதும்.

கொத்தனார் பேரன்:
எல்லாம் கேட்க இனிமையாக இருக்கிறது. கசடுச் சிமெண்ட் மெல்லத்தான் வலுவாகும். இருபத்தெட்டாம் நாள் வலிமைச் சோதனையில் கான்கிரீட் கனசதுரம் குறித்த அளவுக்கு முன்பே உடைந்தால் பணம் நிற்கும், என் பணம். தளத்தைத் தாங்கும் பலகையை ஏழாம் நாள் பிரித்து அடுத்த தளத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அந்தப் பலகை வாடகைக்கு எடுத்தது. தாமதத்துக்கு அபராதமும் உண்டு. கார்பன் குறைந்த பெருமை அரசுக்கு, தாமதச் செலவு எனக்கு. ஒரு முறை அரைகுறை ஈரம் காத்த தூணில் இதே வகைச் சிமெண்டால் மேற்பரப்பு உதிர்ந்து, அது யார் குற்றம் என்று ஆலோசகரும் வாடிக்கையாளரும் நானும் முக்கோணமாக நின்றோம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் வீடுகளின் மொட்டை மாடியைப் பாருங்கள். மகனுக்கு மேல்மாடி என்று விட்டுவைத்த கம்பிகள் துருப்பிடித்து நிற்கின்றன. மேலே வராத மாடிக்காகக் கீழே அடித்தளமும் தூணும் பெருத்திருக்கின்றன. மகன் மெல்போர்னில் இருக்கிறான். இதற்கு எந்தக் கொள்கை போடுவீர்கள்?

வாக்குவா ஆசிரியை:
அந்தக் கம்பிகளைக் கேலி செய்யாதீர்கள், தம்பி. நிலம் குறைந்த தீவில் அண்ணன் வீட்டின் மேல் தம்பி கட்டுவது புதிய மனை வாங்குவதை மிச்சப்படுத்துகிறது. கரும்புக் காட்டை அழித்துப் புதிய குடியிருப்பு போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

எனக்கு நேரான உதவி வேண்டும். எங்கள் கோவிலுக்குப் பக்கத்தில் கல்யாண மண்டபம் கட்டக் குழு முடிவெடுத்திருக்கிறது. தைப்பூசக் காவடிக்கு முன் அன்னதானக் கூடமாவது தயாராக வேண்டும் என்கிறார்கள். அரசு விதிக்குக் காத்திருக்காமல் நாங்களே ஒப்பந்தத்தில் எழுதிவிடலாமா? என்ன எழுத வேண்டும்?

கியூர்பிப் பொறியாளர்:
தாராளமாக எழுதலாம், அம்மா. சிமெண்டைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் வரைபடத்தைப் பாருங்கள். தூண்களுக்கு இடையே பதினைந்து மீட்டர் வெற்றுவெளி கேட்டிருக்கிறார்களா? நடுவில் இரண்டு வரிசைத் தூண் வந்தால் பந்திக்கு ஒன்றும் ஆகிவிடாது, தளத்தின் கனம் பெருமளவு குறையும். அடித்தள அறை கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பிறகு கலவை. எல்லா இடத்துக்கும் ஒரே கலவை என்பதுதான் பெரிய வீண். அடித்தளத்தின் மேல் முழுச் சுமை ஏற மாதங்கள் ஆகும், ஆகவே அதற்குக் கசடு கலந்த சிமெண்ட் கேட்டு, வலிமையை 28-ஆம் நாளுக்குப் பதில் 56-ஆம் நாளில் சோதிக்கச் சொல்லுங்கள். கடல் உப்பையும் அது நன்றாகத் தாங்கும். தளத்துக்கு, கொத்தனார் பேரன் சொல்வது நியாயம், பலகை பிரிக்கும் அவசரம் உண்டு, சாதாரணச் சிமெண்டே இருக்கட்டும். அதிலும் தண்ணீர் குறைக்கும் ரசாயனக் கலவையைச் சேர்த்தால் கருங்கல் மணலுக்காக ஏற்றிய சிமெண்டை இறக்கலாம். ஏழு நாள் ஈரச் சாக்கு போர்த்துவதற்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள், ஒதுக்காவிட்டால் யாரும் செய்யமாட்டார்கள்.

300 கன மீட்டர் கான்கிரீட் என்று வைத்தால், 350 கிலோ வீதம் 105 டன் சிமெண்ட், சுமார் 90 டன் கரியமில வாயு. அளவு 300 கிலோவாகி, அதில் பாதிக் கலவைக்குப் பாதிக் கசடு வந்தால் 60 டன்னுக்குக் கீழே இறங்கும். தூண் வரிசையால் மிச்சமாவது இதில் சேரவில்லை.

கொத்தனார் பேரனின் பணப் பிரச்சினை உண்மையானது. சோதனை நாளை மாற்றுகிறவர் பணம் கொடுக்கும் நாளையும் தாமத அபராதத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். அரசு ஒப்பந்தத்தில் முதலில் திருத்த வேண்டிய இடமும் இதுவே. நிலைத்தகு கொள்முதலுக்கு, அதாவது சூழலையும் கணக்கில் எடுக்கும் அரசுக் கொள்முதலுக்கு, உலகில் முன்னோடியாகத் தேர்ந்தெடுத்த ஒரு சில நாடுகளில் மொரிசியஸும் ஒன்று, 2011-இலேயே செயல்திட்டம் வந்தது. பணம் கொடுக்கும் உட்பிரிவில் கை வைக்காத செயல்திட்டத்தை ஒப்பந்தக்காரர் ஏன் மதிக்க வேண்டும்?

ரெயூனியன் வரைபடம்:
அம்மா, மண்டபத்தின் வெளித் திண்ணைக்கும் சுற்றுச்சுவர்ப் பூச்சுக்கும் சுண்ணாம்பைக் கேட்டுப் பாருங்கள். புதுச்சேரியிலிருந்து வந்த கைவினைஞர்கள் இந்தத் தீவுகளில் சுண்ணாம்பும் செங்கல் தூளும் குழைத்து மொட்டை மாடி போட்டார்கள். சென்-ழில்-லெ-ஓ மலையடியில் வில்லேல் மாளிகையின் கூரை அந்த முறையில் போட்டதுதான், 1780-களின் வேலை. சுண்ணாம்பும் சுடப்பட்டதே, வாயு விடுவதே, ஆனால் இறுகும்போது ஒரு பங்கைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. பாரம் தாங்கும் தூணுக்கு வேண்டாம், பூச்சுக்குப் போதும்.

மேட்டூரான்:
கசடு கலந்த சிமெண்ட் துறைமுகத்தில் சரக்கு இருக்கிறதா என்று குழு முதலில் எழுத்தில் கேட்கட்டும். இல்லை என்று பதில் வந்தால் அந்தக் கடிதத்தை வைத்திருங்கள். இப்படி இருபது கோவில்களும் பள்ளிகளும் கேட்ட கடிதம் இருந்தால் அமைச்சகத்தில் பேச ஓர் ஆதாரம்.

கொத்தனார் பேரன்:
அடித்தளத்துக்கு 56 நாள், சம்மதம். தளத்துக்கு என் பழைய கலவை, அதில் தண்ணீர் குறைக்கும் மருந்து சேர்க்கிறேன், அதற்கும் சம்மதம். நடுவில் தூண் வைத்தால் மணவறையை எங்கே போடுவது என்று மாப்பிள்ளை வீட்டார் உங்களைத்தான் கேட்பார்கள், என்னை அல்ல. கூடுதல் சோதனைக் கனசதுரங்களுக்கு ஆய்வகக் கட்டணம் யார் பொறுப்பு என்பதை மட்டும் குழு விலைப்புள்ளி கேட்பதற்கு முன்னால் தீர்மானித்துவிடட்டும், ஆசிரியை அம்மா. பிறகு வந்து என்னிடம் பேரம் பேசக் கூடாது.